ஒஸ்லோவில் நாற்பது மீட்டர்

டென்மார்க் நம்பர் பிளேட் போட்ட கார் ஒன்று, ஒஸ்லோவில் தமிழ்க் கல்யாணம் நடக்கிற மண்டபத்தின் முன்னால் வந்து நின்றால், வெளியே நிற்கிற ஆண்களின் பார்வை முதலில் போவது காரிலிருந்து இறங்குகிற ஆளிடம் அல்ல, டிக்கியிடம். நோர்வேயில் விஸ்கி வாங்க அரசாங்கக் கடைக்குப் போகவேண்டும், அது திறந்திருக்கிற நேரத்துக்குப் போகவேண்டும். டென்மார்க்கில் பால் வாங்குகிற கடையிலேயே அதுவும் இருக்கும். ஆகவே டென்மார்க் உறவினன் பரிசைப் பற்றி யோசிக்க முன்னர் போத்தலைப் பற்றி யோசிக்கிறான். மண்டபத்துக்குள்ளே ஐயர் ஓமம் வளர்ப்பார். வெளியே டிக்கி திறக்கும். பிளாஸ்டிக் கப், மிக்சர், வாளியில் ஐஸ். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் உள்ளே கெட்டிமேளம் கேட்டால் அங்கே நின்றபடியே கையை உயர்த்தி அட்சதை போடுவது போல ஒரு பாவனை.

பல வருடங்களாக அந்த டிக்கியின் சொந்தக்காரன் நான். எனக்கு எழுபத்தொரு வயது.

இந்தமுறை எனக்குக் கார் இல்லை. டிசம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, கப்பலில் இருந்து ஒரு தோள்பையோடு ஒஸ்லோவில் இறங்கினேன். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நீதிமன்றத்துக்கு வரச்சொல்லிக் கடிதம். குடித்துவிட்டுக் கார் ஓடிய வழக்கு. ஓடியது ஒரு கார், குற்றம் சாட்டப்பட்டவர்களோ இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் என் தங்கையின் மகன் நிமலன். அவன் இந்த நகரத்தில் பஸ் ஓடுகிறவன். ஓடினவன் என்று எழுதவேண்டும், ஏனென்றால் ஆறு மாதமாக அவனுடைய லைசென்ஸ் பொலிஸாரிடம் இருக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லி ஆறு மாதம் போய்விட்டது.

ஜூன் மாதம், ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு கல்யாணம். பகல் ஒரு மணி. சாப்பாடு கொண்டுவந்த வானுக்கு வழிவிடாமல் என் கார் நிற்கிறது என்று யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள். சாவி என் பையில் இருந்தது. "நான் எடுக்கிறன்" என்று ஏறினேன். நாற்பது மீட்டர் ஓடியிருப்பேன். தொடர்மாடிக் கட்டடத்தின் வாசலில் கிடந்த ஒரு சிறுபிள்ளையின் சைக்கிளை நசுக்கி, சீமெந்துப் பூத்தொட்டியில் இடித்து நின்றேன். சைக்கிளின் சொந்தக்காரி தண்ணீர் குடிக்க மேலே போயிருந்தாளாம். அவளுக்கு எடுத்த தாகம்தான் என்னைக் கொலைகாரன் ஆகாமல் காப்பாற்றியது.

நிமலன் ஓடிவந்தான். "இறங்குங்கோ மாமா" என்று கையைப் பிடித்து இறக்கி, படியில் உட்கார வைத்தான். சாவியை எடுத்துக்கொண்டான். பொலிஸ் வந்தபோது சாவி அவன் கையில் இருந்தது.

"யார் ஓடியது?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"நான்" என்றான் நிமலன்.

இரண்டாம் மாடி பல்கனியில் நின்ற நோர்வேக்காரப் பெண்மணி மேலேயிருந்து சத்தமாகச் சொன்னார்: "இல்லை. அந்தச் சாம்பல் கோட்டுக்காரக் கிழவர்."

இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் ஊதினோம். நிமலன் அன்று வேலை இல்லாத நாள் என்று காலையில் பியர் குடித்திருந்தான். எத்தனை என்று கேட்டதற்கு "ஒண்டு" என்றான். எங்கள் ஆட்கள் எத்தனை குடித்தாலும் ஒன்றுதான். இரத்தத்தில் மதுவுக்கு நோர்வேயின் வரம்பு ஆயிரத்தில் புள்ளி இரண்டு. அவன் அதை மயிரிழையில் தாண்டியிருந்தான். ஓடியவன் அவனாக இருந்தால், அது போதும்.

பிறகு என் முறை. பொலிஸ்காரர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: "கேள்விகளுக்குப் பதில் சொல்ல உங்களுக்குக் கடமை இல்லை."

அந்த வசனத்தை எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. நான் டென்மார்க்கில் இருபத்திரண்டு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். களவெடுத்தவன், பெண்டாட்டியை அடித்தவன், வரி ஏய்த்தவன், ஒன்றுமே செய்யாமல் மாட்டிக்கொண்டவன் எல்லோருக்கும் அந்த வசனத்தைத் தமிழில் சொன்னவன் நான். அது நல்ல வசனம். பலவீனமானவனைக் காப்பதற்காக எழுதப்பட்டது. அன்று அதை எடுத்து என் முகத்தை மூடிக்கொண்டேன்.

"பதில் சொல்ல விரும்பவில்லை" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு உள்ள உரிமைகள் ஒன்றையும் நான் விடவில்லை. நோர்வேக்காரர் பேசுவது டெனிஷ் தெரிந்த எனக்கு விளங்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், அதனால் ஒரு விசாரணை தள்ளிப்போனது. என் லைசென்ஸைப் பிடித்து வைக்கச் சம்மதிக்கமாட்டேன் என்றேன். நோர்வேயில் நான் ஓடக்கூடாது என்று ஒரு நீதிபதி தனியாக முடிவு சொல்ல வேண்டியிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நீதிபதி முன்னால் அரை மணித்தியாலத்தில் முடியும், தண்டனையும் குறையும் என்று சட்டத்தரணி சொன்னார். வேண்டாம், முழு விசாரணை வேண்டும் என்றேன். ஓடாத நிமலன் முதல் நாளே கையெழுத்துப் போட்டு லைசென்ஸைக் கொடுத்துவிட்டான். நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு கிழமையும் அவனுக்குப் பஸ் இல்லாத கிழமை. இது எனக்குத் தெரிந்தே நடந்தது.

அந்த நாளுக்குப் பிறகு நான் காரைத் தொடவில்லை. டென்மார்க்கில் எங்கள் ஊரில் ஏன் கார் ஓடுவதில்லை என்று கேட்டவர்களிடம் கண்ணில் புரை என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை தங்கியது ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில், குணம் வீட்டில். குணம் எனக்கு ஊரில் தெரிந்தவன், ஒன்பது வயது இளையவன். ஜூன் மாதம் அந்த டிக்கியைச் சுற்றி நின்றவர்களில் அவனும் ஒருவன். நிலக்கீழ் ரயிலில் இருந்து ஏறி வந்தபோது வெளியே பனி உறைந்து கண்ணாடி போலக் கிடந்தது. கடைத்தொகுதியின் வாசலில் ஒரு சோமாலியப் பெண் தன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு என் முழங்கையைப் பிடித்து அந்த இடத்தைக் கடத்திவிட்டார். "மெதுவாக, அப்பா, மெதுவாக" என்றார் நோர்வேஜிய மொழியில். அந்நியர்கள் அப்படிப் பிடிக்கும்போது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. நான் யார் என்று தெரிந்தால் பிடிப்பாரா?

குணம் ரொட்டி சுட்டு வைத்திருந்தான். தேங்காய்ச் சம்பலில் உறைப்பு குறைவு. அவனுடைய மனைவி வேலைக்குப் போயிருந்தாள். இரண்டாவது ரொட்டியிலேயே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணை, நாளையிண்டைக்கு என்ன சொல்லப்போறியள்?"

"நான்தான் ஓடினனான் எண்டு."

"உங்களுக்கென்ன விசரே? பொடியன் ஒத்துக்கொண்டிட்டான். அவன் இளம் ஆள், ஒருமாதிரி எழும்பிடுவான். நீங்கள் இந்த வயசில கோர்ட்டில நிண்டு, பேப்பரில வந்து... ஆருக்கு லாபம்?"

"அவன் பஸ் ஓடுறவன் குணம்."

"நாங்களெல்லாம் எத்தினை வேலை மாறினனாங்கள். அது கிடக்கட்டும். உங்கடை லைசென்ஸ் டென்மார்க் லைசென்ஸ். அதை நோர்வேக்காரன் தொட ஏலாது. அவன்ரை நாட்டில ஓடாதை எண்டு சொல்லலாம், அவ்வளவுதான். அதோடை, டென்மார்க்கில புள்ளி அஞ்சு வரைக்கும் விடுவாங்கள் எண்டு நீங்களே சொன்னனீங்கள். அங்கை இது குற்றமே இல்லை."

நான்தான் சொன்னேன். ஆறு மாதம் உறவினர் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசியில் அதைத்தான் சொன்னேன். அங்கே குற்றம் இல்லாதது இங்கே எப்படிக் குற்றம் ஆகும், எல்லையைத் தாண்டியதும் மனிதன் மாறிவிடுகிறானா என்று சட்டம் பேசினேன். என் வசனங்கள் குணத்தின் வாயிலிருந்து வந்தபோது காது கூசியது.

அவன் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தான். பகல் பன்னிரண்டு மணி. போத்தலை மேசையில் வைத்தான். ஜூன் மாதம் நான் கொண்டுவந்த போத்தல்தான், கழுத்து வரை குறைந்திருந்தது.

"பதட்டப்படுறியள் அண்ணை. ஒண்டு?"

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தேன். அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். எங்களில் ஒருவனும் கெட்டவன் இல்லை. ஒருவனும் கெட்டவன் இல்லாத பதினைந்து ஆண்கள் ஒரு டிக்கியைச் சுற்றி நின்று, சாவியோடு போகிற குடிகாரக் கிழவனைப் பார்த்து, "கவனம் அண்ணை, றிவேர்ஸில பாத்து எடுங்கோ" என்று சொன்னார்கள்.

புதன்கிழமை நிமலன் வீட்டுக்கு வெளிக்கிட்டேன். அவன் இருப்பதும் ஹவுகன்ஸ்டுவாவில்தான். அந்தக் கல்யாண மண்டபத்தில் இருந்து ஐந்து நிமிடம். ரயிலில் யன்னலோரம் இடம் கிடைத்தது. ஹவுகன்ஸ்டுவா என்று அறிவித்தது கேட்டது, கதவு திறந்தது, மூடியது. நான் எழும்பவில்லை. நித்திரை என்று எழுதினால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். நித்திரை இல்லை.

ஸ்ட்ரோம்மனில் இறங்கினேன். அங்கே பெரிய கடைத்தொகுதி. நத்தார் பண்டிகை விளக்குகள், கறுவாப்பட்டை மணம், சூடான ரொட்டி விற்கிற கடையில் நீள வரிசை. குங்குமப்பூப் போட்ட மஞ்சள் பணிஸ் டிசம்பரில் மட்டும் சுடுவார்கள். இரண்டு வாங்கி ஒன்றைத் தின்றேன். நன்றாக இருந்தது என்பதிலும் எனக்குக் கோபம். ஒரு மணித்தியாலம் அந்தக் கடைகளுக்குள் சுற்றினேன். கையுறைகளைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. இங்கேயும் தவணை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நிலையத்துக்குத் திரும்பி வந்தபோது ரயில் ஓட்டம் நின்றுவிட்டது. மின்கம்பியில் கோளாறு, ரயிலுக்குப் பதிலாக பஸ் வரும் என்று பலகையில் எழுதியிருந்தது. ஐம்பது பேர் பனியில் நின்றோம். இருபது நிமிடம் கழித்து இன்னோர் அறிவிப்பு: சாரதி இல்லாதபடியால் பஸ்ஸும் இரத்து.

எனக்கு முன்னால் நின்ற இரண்டு வயோதிபப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஓட ஆளில்லையாம்."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னார்கள். எண்ணெய் தோண்ட ஆள் இருக்கிறது. பஸ் ஓட ஆளில்லை."

"என் பேரனை ஓடச்சொன்னேன். விடியற்காலை எழும்பமாட்டானாம்."

விடியற்காலை எழும்புகிற ஒருவன் இருக்கிறான் அம்மா, அவன் லைசென்ஸை நான் தின்றுவிட்டேன் என்று அவர்களின் முதுகுக்குப் பின்னால் தமிழில் சொன்னேன். ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். குளிரைப் பற்றி ஏதோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஒரு மணித்தியாலம் கழித்து ரயில் ஓடி, ஹவுகன்ஸ்டுவாவில் இறங்கினேன். கதவைத் திறந்தவள் நிமலனின் மனைவி தர்ஷினி. "வாங்கோ மாமா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த பணிஸை நீட்டினேன். வாங்கி மேசையில் வைத்தாள். நிமலன் வேலைக்குப் போயிருந்தான். பஸ் நிறுத்துகிற தரிப்பிடத்தில் அவனுக்குக் கழுவுகிற வேலை கொடுத்திருந்தார்கள்.

புட்டும் மீன்குழம்பும் வந்தன. என் தட்டில் போட்டாள், தண்ணீர் வைத்தாள். "சாப்பிடுங்கோ" என்று சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. குசினிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"தன்ரை பஸ்ஸைத்தான் கழுவுறார்" என்றாள். "மற்ற ஆக்கள் ஓடிக்கொண்டு வந்து விட, இவர் சீற்றுக்குக் கீழ கிடக்கிற சூயிங்கத்தைச் சுரண்டுறார். ஃபெப்ரவரிக்குள்ள லாப்பன் வராட்டி அந்த வேலையும் இல்லையாம்."

லைசென்ஸை இங்கே எல்லோரும் லாப்பன் என்றுதான் சொல்கிறார்கள்.

"நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை."

"என்னத்தை?"

"உண்மையை."

"எந்த உண்மை மாமா? ஆறு மாசமா ரெண்டு உண்மை இருக்கு." குரலை உயர்த்தவில்லை. "நான் பொலிஸுக்குப் போய்ச் சொல்லுறன் எண்டு வெளிக்கிட்டனான். மாமாவைக் காட்டிக்குடுத்தா நான் இந்த வீட்டில இருக்கமாட்டன் எண்டார். அவருக்கு அம்மா செத்த பிறகு நீங்கள்தானே எல்லாம். அதை நான் மறுக்கேல்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நான் அந்தக் கதவடியிலதான் நிண்டனான். என்ரை கையில ஆரத்தித் தட்டு. எனக்கும் லாப்பன் இருக்கு. நான் குடிக்கிறதில்லை. காரை எடுத்துவிடு பிள்ளை எண்டு ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு, உங்களில ஒருத்தருக்கும் கேக்கத் தெரியேல்லையே?"

தண்ணீர் குடித்தேன். அந்த மண்டபத்தில் லைசென்ஸ் உள்ள, ஒரு துளியும் குடிக்காத பெண்கள் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறவர்கள் அவர்கள்தான். நாற்பது மீட்டருக்கு அவர்களைக் கேட்பது எங்களுக்குக் குறைவாக இருந்தது. குறைவாக இருந்தது என்று எழுதுவதுகூடப் பெருமை. எங்கள் எண்ணத்திலேயே அது வரவில்லை.

போகும் வழியில் அந்த இடத்தில் நின்றேன். பூத்தொட்டி இன்னும் ஒரு பக்கம் உடைந்தபடி. அதன்மேல் பனி மூடியிருந்தது. பல்கனியில் ஒருவரும் இல்லை. காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன். நாற்பது மீட்டர்கூட இல்லை.

வியாழன். ட்வெய்ட்டாவில் இருந்து நிலக்கீழ் ரயில் நேரத்துக்கு வந்தது, சாட்டுச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு நியமிக்கப்பட்ட சட்டத்தரணி காத்திருந்தார். என் மகளின் வயதுகூட இராத பெண். கோப்பி இயந்திரத்தில் இரண்டு கோப்பி எடுத்துவந்து ஒன்றை எனக்குத் தந்தார். இன்று ஒப்புக்கொள்ளப்போகிறேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தண்டனையில் கொஞ்சம் குறையும். ஜூன் மாதமே சொல்லியிருந்தால் அதிகம் குறைந்திருக்கும்" என்றார்.

என் டென்மார்க் வாதத்தை அவரிடமும் எடுத்தேன். வாய்ப் பழக்கம். அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீங்கள் ஊதியது புள்ளி ஒன்பது ஏழு. டென்மார்க்கின் வரம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கேயும் இது குற்றம்தான். இங்கே தடை விதித்தால் அங்கேயும் ஓட முடியாது. நோர்டிக் நாடுகளுக்கு இடையில் ஒப்பந்தம் இருக்கிறது." பிறகு கேட்டார்: "இந்தத் தாளை ஜூலையில் உங்களுக்கு அனுப்பினேனே?"

அனுப்பினார். உறையைக் கிழித்து முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் எண் இருக்கும் என்று தெரிந்தே, மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். எண்ணைப் பார்க்காதவரைக்கும் நான் டென்மார்க்கில் நிரபராதி.

நீதிமன்ற அறை ஒரு பாடசாலை வகுப்பறை அளவுதான். நடுவில் நீதிபதி. அவருக்கு இரண்டு பக்கமும் பொதுமக்களில் இருந்து எடுத்த இருவர், அவர்களுக்கும் தீர்ப்பில் பங்கு உண்டு. ஒருவர் தச்சுத் தொழிலாளி போன்ற கைகள் உள்ளவர். மற்றவர் கம்பளிச் சட்டை போட்ட, கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட பெண். நிமலன் அவனுடைய சட்டத்தரணிக்குப் பக்கத்தில் இருந்தான். கறுப்புச் சூட். கல்யாணத்துக்குப் போட்ட அதே சூட். என்னைப் பார்த்து எழுந்து நின்றான். எழுந்து நின்றதைத் தாங்க முடியவில்லை.

எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், சென்னையைச் சேர்ந்த இளம்பெண். "சார், நான் பேசுறது புரியுதா? உங்க தமிழ் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்ல, ஸ்பீடா போனா சொல்லுங்க" என்றார் மெதுவாக.

"நல்லாய் விளங்குது பிள்ளை."

பெயர், பிறந்த திகதி. பிறகு நீதிபதி சொன்னார். எனக்கு நோர்வேஜியத்திலேயே விளங்கியது. ஆனாலும் அந்தப் பெண் தன் வேலையைச் செய்தார், நான் இருபத்திரண்டு வருடம் செய்ததை விடத் தெளிவாகச் செய்தார்: "பதில் சொல்லணும்னு உங்களுக்குக் கட்டாயம் இல்ல. ஆனா சொல்றதா இருந்தா, உண்மையைச் சொல்லும்படி நீதிபதி கேட்டுக்கறாங்க."

நான் எழுந்து, டெனிஷ் மொழியில், மொழிபெயர்ப்பு எனக்குத் தேவையில்லை என்றேன். ஜூன் மாதமும் தேவைப்படவில்லை என்றேன். அந்தப் பெண் பேனையை மூடி வைத்தார். குற்றத்தை ஏற்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். ஏற்கிறேன், ஓடியவன் நான், நிமலன் காரில் இருக்கவேயில்லை என்றேன்.

அரச தரப்பு வழக்கறிஞர் பேனையால் மேசையைத் தட்டினார். "ஆறு மாதம் பேசாமல் இருந்தீர்கள். ஏன் இப்போது?"

வழியெல்லாம் இதற்கு நல்ல பதில்கள் தயாரித்திருந்தேன். அங்கே நின்றபோது ஒன்றும் நல்லதாக இல்லை.

"பயம்" என்றேன். "பிறகு, பேசாமல் இருந்தது வசதியாக இருந்தது."

கம்பளிச் சட்டைப் பெண் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். "காரை நகர்த்தச் சொன்னபோது, குடிக்காத ஒருவரும் அங்கே இருக்கவில்லையா?"

"இருந்தார்கள். பெண்கள். மண்டபம் நிறைய இருந்தார்கள்."

"கேட்டீர்களா?"

"இல்லை."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பல்கனிப் பெண்மணி சாட்சி சொல்ல வந்தார். சாம்பல் கோட்டுக்காரர் இவர்தான் என்றார். இடித்த பிறகு தன்னை அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினாராம். "நன்றி சொல்வது போல" என்றார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அங்கே கேட்டபோது முகம் எரிந்தது.

நிமலனிடம் மறுபடி கேட்டார்கள். அவன் நோர்வேஜியத்தில் சொன்னான்: "மாமாதான் காரை ஓடினார்." மூன்றே சொல். ஆறு மாதம் அவன் விழுங்கி வைத்திருந்த மூன்று சொல்.

ஓடிய குற்றத்திலிருந்து நிமலனை விடுவிக்கும்படி அரச தரப்பே கேட்டது. பொலிஸுக்குப் பொய் சொன்னதைப் பற்றித் தனியாக யோசிப்போம் என்றார்கள். தீர்ப்பு எழுத்தில் வரும்.

வெளியே ஒடுக்கமான நடைவழியில் நிமலன் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போனேன். அவன் பின்வாங்கவில்லை, கிட்ட வரவும் இல்லை.

"ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"உங்களைச் சபைக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு போறதைப் பாக்க ஏலாமக் கிடந்தது." கோட்டுப் பொத்தானைப் பூட்டினான். "அதோடை, நீங்கள் விடமாட்டியள் எண்டு நினைச்சன் மாமா. நான் 'நான்' எண்டவுடனே நீங்கள் 'இல்லை, நான்' எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன். பொலிஸ் காருக்குள்ள நினைச்சன். ஸ்டேசனில நினைச்சன். போன கிழமை வரைக்கும் நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

பந்தியில் தட்டில் கடைசியாக ஒரு வடை இருந்தால், நாங்கள் அதைப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவோம். அவர் "இல்லை, நீங்கள் எடுங்கோ" என்பார். அப்படித்தான் வளர்ந்தோம், நான்தான் அவனை அப்படி வளர்த்தேன். அவன் தன் பிழைப்பை நீட்டினான். நான் எடுத்துத் தின்றுவிட்டு ஆறு மாதம் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நிமலன்" என்றேன்.

"தர்ஷினி கீழ காத்துக்கொண்டு நிக்கிறா" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். மின்தூக்கிக்கு நிற்கவில்லை. தர்ஷினிதான் கார் கொண்டு வந்திருந்தாள். யன்னலால் பார்த்தேன். அவன் பக்கத்து ஆசனத்தில் ஏறி, சீற்பெல்ட்டை இழுத்துப் பூட்டினான்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்கு பஸ் எடுத்தேன். நேரத்துக்கு வந்தது. சாரதி ஒரு தமிழன், நாற்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.

"நிமலன்ரை மாமாவோ?"

"ஓம் தம்பி."

நான் ஆசனத்தில் உட்காரும்வரை பஸ்ஸை எடுக்காமல் காத்திருந்தான். வயோதிபர் எவருக்கும் செய்கிற மரியாதைதான். ஆனால் துறைமுகம் வரும்வரை கண்ணாடியில் அவன் கண்கள் இரண்டு மூன்று தரம் என்னிடம் வந்து போயின. நான் கார் எடுத்த அந்தக் கல்யாணக் கதை இவர்களின் தேநீர் அறையில் எத்தனை முறை பேசப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேசட்டும்.

தீர்ப்பு புதுவருடத்துக்கு முன்னர் தபாலில் வந்தது. சில கிழமைச் சிறை, அது ஒத்திவைக்கப்பட்டது. அபராதம். இருபது மாதம் வாகனம் ஓடத் தடை. டென்மார்க் அதிகாரிகளிடமிருந்து தனிக் கடிதம் வரும் என்று கீழே ஒரு வரி. குணம் தொலைபேசியில் மேன்முறையீடு செய்யச் சொன்னான். அது உங்கடை உரிமை அண்ணை என்றான். உரிமைதான். இரண்டு கிழமைத் தவணையும் உண்டு. வேண்டாம் என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இப்போது என் கண்ணைப் பற்றி விசாரிப்பவர்களிடம், கண் நன்றாகத்தான் இருக்கிறது, குடித்துவிட்டு ஓடினேன் என்று சொல்கிறேன். ஆண்கள் சிரிக்கிறார்கள். பகிடி என்று நினைக்கிறார்கள். எத்தனை போட்டனீங்கள் என்று கேட்கிறார்கள். சிரிக்கிற முகத்தில் அறையலாம் போல இருக்கிறது. பிறகு அது யாருடைய முகம் என்று நினைவு வருகிறது.

ஜனவரி நடுப்பகுதியில் ஒருநாள் காலை, தொலைபேசியில் நிமலனிடமிருந்து ஒரு படம் வந்தது. குசினி மேசையில் அவனுடைய லைசென்ஸ் அட்டை. அதன்கீழே எழுதியிருந்தான்:

"லாப்பன் வந்திட்டுது மாமா. கொஞ்ச நாளைக்கு எனக்குக் கோல் பண்ணாதேங்கோ."